எல்லையா, ஆட்சியா? பிரிந்துபோதலையும் கிளர்ச்சியையும் குழப்பிக்கொள்ளும் இடம்

2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் ஒருவரின் அறிமுகக் குறிப்பில் ‘கொங்குநாடு’ என்ற சொல் இடம்பெற்றது. அன்று மாலையே தொலைக்காட்சி விவாதங்களில் ‘பிரிவினைவாதம்’ என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நாகாலாந்தைப் பற்றிப் பேசும்போதும் ஈழத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல்தான் வருகிறது. ‘கிளர்ச்சியாளர்கள்’ என்ற சொல்லுக்கும் இதே கதி. மியான்மர் காட்டில் துப்பாக்கியோடு நிற்பவருக்கும் அது பொருந்துகிறது, 1965-இல் இந்தியை எதிர்த்து ஊர்வலம் போன மாணவருக்கும் பொருந்துகிறது.

பேச்சில் இது சிறு குழப்பம். வழக்கு என்று வரும்போது சிறியதாக இருக்காது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, நாட்டிலிருந்து பிரிந்துபோகத் தூண்டுவதையும் ஆயுதக் கிளர்ச்சிக்குத் தூண்டுவதையும் ஒரே வாக்கியத்தில், நடுவே ஓர் ‘அல்லது’ போட்டு வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றானால் அந்த ‘அல்லது’வுக்கு வேலை இல்லை.

இதைக் கன்னியாகுமரி மாவட்டத்து வரலாற்றை வைத்து விளக்குவது எளிது. 1799 முதல் 1956 வரையான காலத்தில் இங்கே கிளர்ச்சி நடந்திருக்கிறது, தனிநாட்டு அறிவிப்பு வந்திருக்கிறது, எல்லையும் மாறியிருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு கணக்கு.

முதலில் சொற்கள்

குழப்பத்தில் பாதி தமிழிலேயே இருக்கிறது. 1947-இல் இந்தியா, பாகிஸ்தான் என்று உடைந்ததும் பிரிவினைதான், அண்ணன் தம்பி சொத்தைப் பங்கு போடுவதும் பாகப்பிரிவினைதான். ஒருவர் மட்டும் விலகிப்போவதும் எல்லோரும் சேர்ந்து பங்கு போடுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ‘கிளர்ச்சி’யோ தமிழக அரசியல் மேடையில் பல பத்தாண்டுகளாக ஆயுதமில்லாத போராட்டத்தையே குறித்து வந்தது. அதனால் இந்தக் கட்டுரைக்கு மட்டும் இப்படி வைத்துக்கொள்வோம்:

1. பிரிந்துபோதல்: ஒரு நாட்டின் ஒரு பகுதி, தன் நிலத்தோடும் மக்களோடும் அந்த நாட்டின் இறையாண்மையை விட்டு விலகித் தனிநாடாவது, அல்லது அதற்கு முயல்வது.
2. கிளர்ச்சி: தான் கட்டுப்பட வேண்டிய அரசின் அதிகாரத்தை ஏற்க மறுத்து, அதை வலிமையால் எதிர்ப்பது. நோக்கம் ஆட்சியைக் கவிழ்ப்பதாக இருக்கலாம், ஓர் அமைச்சரை விரட்டுவதாக இருக்கலாம், ஒரு வரியை ஒழிப்பதாகவும் இருக்கலாம்.
3. மாநிலப் பிரிப்பு: ஒரே நாட்டுக்குள் மாநில எல்லையை மாற்றி வரைவது. இறையாண்மை அசையாது.

‘கலகம்’, ‘புரட்சி’ இரண்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை பெரும்பாலும் சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையே காட்டும். 1857-ஐச் சிப்பாய்க் கலகம் என்று சொன்னால் ஒரு பக்கம், சுதந்திரப் போர் என்றால் மறுபக்கம். நம் ஊரிலும் தோள்சீலைக் கலகம் என்று எழுதியவர்கள் உண்டு, தோள்சீலைப் போராட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. நடந்தது ஒன்றுதான்.

காரணவரை எதிர்ப்பதும் தனி அடுப்பு வைப்பதும்

நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி முறை, அதாவது சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும் முறை, இருந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு சட்டென்று பிடிபடும். குடும்பச் சொத்து முழுவதும் குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் கையில். அவர் கணக்குக் காட்டவில்லை, நிலத்தை ஒற்றி வைக்கிறார், தன் பிள்ளைகளுக்குக் கடத்துகிறார் என்று அனந்தரவர்கள் (குடும்பத்தின் இளையவர்கள்) எழுந்து நின்று, ‘நீர் இறங்கும், அடுத்தவர் வரட்டும்’ என்றால் அது கிளர்ச்சியின் வடிவம். குடும்பம் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் மாறுவார். ‘எங்கள் பங்கைத் தாரும், நாங்கள் தனி அடுப்பு வைத்துக்கொள்கிறோம்’ என்றால் அது பிரிந்துபோதல். காரணவர் நல்லவராகவே இருந்தாலும் அந்தக் கோரிக்கை எழலாம்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. பழைய மருமக்கள்வழி முறையில் ஒருவர் தனியாகப் போய்ப் பங்கு கேட்க முடியாது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் பாகம். அந்த நிலை மாறத் திருவிதாங்கூர் அரசு கொல்லம் ஆண்டு 1101-இல், அதாவது 1926 வாக்கில், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பிரியும் உரிமை சட்டத்தில் இல்லாத வீட்டில் பிரிய வேண்டுமானால் இரண்டே வழி: எல்லோரின் இசைவு, அல்லது சட்டத்தையே மாற்றுவது. நாடுகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். மூன்றாவது வழி ஒன்று உண்டு, அடித்துப் பிடுங்குவது. பிரிந்துபோதலும் கிளர்ச்சியும் ஒன்றோடொன்று கலப்பது அந்த மூன்றாவது வழியில்தான்.

எது இலக்கு, எது வழி

பிரிந்துபோதல் என்பது போய்ச் சேர நினைக்கும் இடம். கிளர்ச்சி என்பது போகிற வழி. இடத்தையும் வழியையும் தனித்தனியாகக் கேட்டால் நான்கு வகை கிடைக்கும்.

1. ஆயுதம் உண்டு, பிரியும் நோக்கம் இல்லை. இலங்கையில் 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) நடத்தியது இந்த வகை. அவர்கள் கேட்டது கொழும்பில் உள்ள ஆட்சியை, ஒரு துண்டு நிலத்தை அல்ல. இந்தியாவின் மாவோயிஸ்டுகளும் இதே கட்டத்தில்தான் வருவார்கள்.

2. ஆயுதமும் உண்டு, பிரியும் நோக்கமும் உண்டு. விடுதலைப் புலிகள், 1966 மார்ச்சில் விடுதலை அறிவித்த மிசோ தேசிய முன்னணி, 1860-61-இல் அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகிய 11 தென் மாநிலங்கள் எல்லாம் இங்கே. அமெரிக்கத் தென் மாநிலங்கள் தங்கள் செயலைக் கடைசிவரை ‘விலகல்’ என்றே சொல்லின. வடக்கு அரசு அதைக் ‘கிளர்ச்சி’ என்றது. விலகலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்றால், விலகியதாகச் சொல்பவர் இன்னும் குடிமகன்தான், எனவே அவர் எடுத்த ஆயுதம் கிளர்ச்சி என்பது வடக்கின் வாதம். 1869-இல் டெக்சஸ் எதிர் ஒயிட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. ஆனாலும் புரட்சியாலோ மற்ற மாநிலங்களின் இசைவாலோ தவிர, என்று ஒரு விதிவிலக்கையும் எழுதி வைத்தது.

3. பிரியும் நோக்கம் உண்டு, ஆயுதம் இல்லை. 1905-இல் நார்வே சுவீடனை விட்டுப் பிரிந்தபோது வாக்கெடுப்பில் ஆதரவு 3,68,208, எதிர்ப்பு 184. கியூபெக்கில் 1995-இல் 50.58 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஸ்காட்லாந்தில் 2014 செப்டம்பர் 18 அன்று வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம். கரீபியன் கடலில் நெவிஸ் தீவு 1998-இல் 61.8 சதவீத ஆதரவு பெற்றும் பிரிய முடியவில்லை, ஏனென்றால் அந்நாட்டு அரசியலமைப்பு மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறது. இப்படிப் பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் இவற்றில் எதையும் கிளர்ச்சி என்று சொல்ல இடமில்லை.

4. இரண்டும் இல்லை. தனி மாநிலக் கோரிக்கை, மொழிப் போராட்டம், உரிமைப் போராட்டம். நம் செய்திகளில் அதிகம் தவறாகப் பெயரிடப்படுவது இந்தக் கட்டம்தான்.

ஜே.வி.பி.யை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2024 செப்டம்பரில் அக்கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க அதே நாட்டின் குடியரசுத் தலைவரானார். ஆட்சியைக் கேட்டுக் கிளர்ந்தவர்கள் பின்னாளில் வாக்குச்சீட்டு வழியாக அந்த ஆட்சிக்கே வர முடிகிறது, ஏனென்றால் அவர்கள் நாட்டின் வடிவத்தை மறுக்கவில்லை. தனிநாடு கேட்டவர்களுக்கு இந்தக் கதவு திறப்பதற்கு முதலில் அந்தக் கோரிக்கையைக் கைவிட வேண்டும். 1986 மிசோ ஒப்பந்தத்தில் மிசோ தேசிய முன்னணித் தலைவர் லால்தெங்கா செய்தது அதுதான். தனிநாட்டை விட்டார், மிசோரம் 1987 பிப்ரவரியில் மாநிலமானது, அவர் முதலமைச்சரானார்.

குமரி மண்ணில் நடந்தவை

1799. கல்குளம் பகுதியிலுள்ள தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி அப்போது திருவிதாங்கூரில் ஒரு காரியக்காரர் (வட்டத்தின் அதிகாரி). ஜெயந்தன் நம்பூதிரியின் ஆட்சிக்குழு அவரிடம் 3,000 ரூபாய் கேட்டது. அவர் ஊருக்குத் திரும்பி ஆட்களைத் திரட்டினார், கூட்டம் திருவனந்தபுரம் போய்க் கோட்டை முன் நின்றது. கோரிக்கை, அந்தக் குழுவின் மூவரை நீக்க வேண்டும் என்பது. அரசர் இணங்கினார். இது கலப்பில்லாத கிளர்ச்சி. அரசரை யாரும் மறுக்கவில்லை, நாஞ்சில் நாட்டைத் தனியாக்கவும் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் கிளர்ந்தவரே தளவாயானார், அதாவது தலைமை அமைச்சர்.

1809. இது சிக்கலானது. 1805 உடன்படிக்கையால் திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 4 லட்சத்திலிருந்து 8 லட்சம் ரூபாயானது. பாக்கி ஏறியது. கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலே நெருக்கினார். கொல்லம் ஆண்டு 984 மகரம் 1, அதாவது 1809 ஜனவரியில் வேலுத்தம்பி, கம்பெனிக்கு எதிராக எழும்படி மக்களை அழைத்த குண்டறை அறிக்கையை வெளியிட்டார். பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தது, உதயகிரியும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன.

அவர் யாரை எதிர்த்துக் கிளர்ந்தார்? கிளர்ச்சி என்று சொல்ல முன்கூட்டியே ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும். தளவாய் கம்பெனியின் குடிமகன் அல்லர், எனவே கம்பெனியைப் பொறுத்தவரை அது உடன்படிக்கை மீறலும் போரும்தான். ஆனால் அரசர் கம்பெனியோடு சமாதானமாகி உம்மிணித்தம்பியைத் தளவாயாக்கியதும் நிலை தலைகீழானது. அதே மனிதர் தன் அரசருக்கே எதிரான கிளர்ச்சியாளரானார். மண்ணடியில் அவர் இறந்தபோது துரத்தி வந்தவர்கள் திருவிதாங்கூரின் ஆட்கள். ஒரே செயல், ஒரே ஆள். ஆணை பிறப்பிக்கும் இடம் மாறியதால் பெயரும் மாறிவிட்டது.

1947. திவான் சி.பி. ராமசாமி ஐயர் ஜூன் 11 அன்று, ஆங்கிலேயர் போன பிறகு திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று அறிவித்தார். அவர் துணிச்சலுக்கு ஒரு காரணம் நம் கடற்கரையில் கிடந்தது. மணவாளக்குறிச்சி மணலிலுள்ள மோனசைட், அதிலுள்ள தோரியம். அணுசக்திக் காலம் தொடங்கிய நேரம், வல்லரசுகளின் கண் அதன் மீது இருந்தது.

இதைப் பலரும் ‘பிரிவினை முயற்சி’ என்று எழுதுகிறார்கள். சரியாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 1947-இன் இந்திய விடுதலைச் சட்டப்படி சுதேச அரசுகள் மீதான ஆங்கிலேய மேலாண்மை ஆகஸ்ட் 15 அன்று முடிந்துபோகும். புதிய இந்தியாவோடு திருவிதாங்கூர் அதுவரை சேரவே இல்லை. சேராத வீட்டிலிருந்து எப்படிப் பிரிவது? அது சேர மறுத்தல். கிளர்ச்சியும் அல்ல, ஏனென்றால் இந்திய அரசுக்கு அவர் இன்னும் கட்டுப்பட்டவர் அல்லர். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் சி.பி. வெட்டப்பட்டுக் காயமடைந்தார். சில நாட்களில் மகாராஜா சித்திரைத் திருநாள் இணைய ஒப்பினார். பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் ஒப்படைத்த இணைப்பு ஆவணம் அது. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அதே அறிவிப்பை வெளியிட்டிருந்தால்தான் அது பிரிந்துபோதல் ஆகியிருக்கும்.

1954 முதல் 1956 வரை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் மார்ஷல் நேசமணியும் கேட்டது தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்பதை. இறையாண்மை எங்கும் அசையவில்லை. ஆனாலும் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. திருவிதாங்கூர்-கொச்சியின் அப்போதைய முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை பிரஜா சோசலிஸ்ட் கட்சிக்காரர். அவருடைய அமைச்சரவை விலக வேண்டும் என்று அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா கேட்டார். எல்லைக் கோரிக்கை ஒன்றை ஆயுதக் கிளர்ச்சியைக் கையாள்வது போலக் கையாண்டதன் விலை அது.

கோரிக்கை நிறைவேறியது துப்பாக்கியாலும் அல்ல, வாக்கெடுப்பாலும் அல்ல. ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை என்று வட்டங்களைப் பெயர் சொல்லி மாற்றியது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமே நின்றன. நவம்பர் 1 அன்று மாவட்டம் பிறந்தது.

இந்தியச் சட்டம் எங்கே கோடு போடுகிறது

மாநிலப் பிரிப்புக்கு அரசியலமைப்பின் 3-ஆம் உறுப்பு வழி சொல்கிறது. ‘ஒரு மாநிலத்திலிருந்து நிலப்பகுதியைப் பிரித்து’ என்ற தொடரே அதில் உண்டு, ஆகவே மாநிலப் பிரிப்புக் கேட்பவரைத் தேசத்துரோகி என்பது அரசியலமைப்பைப் படிக்காதவர் பேச்சு. நடைமுறை இப்படிப் போகும்:

1. குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் மசோதா அறிமுகமாகாது.
2. பாதிக்கப்படும் மாநிலச் சட்டமன்றத்தின் கருத்து, காலக்கெடு வைத்துக் கேட்கப்படும்.
3. அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் தெலங்கானா மசோதாவை நிராகரித்தது, ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது.
4. சாதாரணப் பெரும்பான்மை போதும். 4-ஆம் உறுப்பின்படி இது அரசியலமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது.

நிலத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960-இல் பெருபாரி (மேற்கு வங்க எல்லைப் பகுதி) விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் வங்கதேசத்தோடு நிலத்திட்டுகளை மாற்றிக்கொண்டபோதும் 100-ஆவது திருத்தம் தேவைப்பட்டது. ஆனால் ஒரு மாநிலம் தானாகவே விலகுவதற்கு அரசியலமைப்பில் எந்த வழியும் இல்லை.

விலகக் கேட்பதே தவறு என்ற நிலை 1963-இல் வந்தது. அன்று வந்த 16-ஆவது திருத்தம் பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் ‘இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும்’ என்பதைச் சேர்த்தது, தேர்தலில் நிற்பவரின் உறுதிமொழியிலும் சேர்த்தது. திராவிட நாடு கோரிக்கையைத் தி.மு.க. கைவிட்ட ஆண்டும் அதுவே. இந்தத் திருத்தத்துக்குப் பரிந்துரை தந்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? சி.பி. ராமசாமி ஐயர். 1947-இல் தனித் திருவிதாங்கூர் அறிவித்த அதே சி.பி.

பிறகு 1967-இல் வந்த சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், ஒரு பகுதி இந்தியாவில் இருக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று கோருவதையே பிரிந்துபோதல் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. இங்கே ஆயுதம் தேவையில்லை. கிளர்ச்சியின் கதை வேறு. அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது நியாய சன்ஹிதாவின் 147-ஆம் பிரிவின் கீழ் மரண தண்டனை வரை போகும், அங்கே செயல் வேண்டும். நெருக்கடி நிலை அறிவிப்பதற்கான 352-ஆம் உறுப்பிலும் முன்பு ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்று இருந்ததை 1978-இன் 44-ஆவது திருத்தம் ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்று இறுக்கியது. ஊர்வலத்தையும் வேலைநிறுத்தத்தையும் காட்டி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாதபடி.

வெறும் சொல் எதுவரை குற்றம் என்பதில் நீதிமன்றங்கள் நிதானம் காட்டியிருக்கின்றன. 1962 கேதார்நாத் சிங் தீர்ப்பு, வன்முறைக்கோ பொது ஒழுங்குக் குலைவுக்கோ தூண்டாத பேச்சு ராஜதுரோகம் ஆகாது என்றது. 1995 பல்வந்த் சிங் தீர்ப்பு, தனிநாட்டு முழக்கத்தை இரண்டொரு முறை எழுப்பியதால் மட்டும் குற்றமில்லை என்றது. புதிய 152-ஆம் பிரிவைப் படிக்கும்போது இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ‘பிரிவினை உணர்வை ஊக்குவித்தல்’ என்ற அதன் சொல் மிக அகலமானது.

கட்டலோனியா: நீதிமன்றமே பிரித்துக் காட்டிய வழக்கு

2017 அக்டோபர் 1 அன்று ஸ்பெயின் நீதிமன்றத் தடையை மீறிக் கட்டலோனியா வாக்கெடுப்பு நடத்தியது, 27 அன்று விடுதலைத் தீர்மானமும் நிறைவேற்றியது. அரசு வழக்கறிஞர்கள் தலைவர்கள் மீது ‘கிளர்ச்சி’க் குற்றம் சாட்டினார்கள். ஸ்பெயின் சட்டத்தில் அதற்கு வன்முறை எழுச்சி வேண்டும். 2019 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம், அங்கங்கே மோதல் நடந்தது உண்மை, ஆனால் பிரிவைச் சாதிப்பதற்கான கருவியாக வன்முறை பயன்படவில்லை என்று கிளர்ச்சிக் குற்றச்சாட்டைத் தள்ளியது. 9 பேருக்கு ராஜதுரோகக் குற்றத்துக்காக 9 முதல் 13 ஆண்டு வரை சிறை. பிரிய முயன்றதால் மட்டும் ஒருவர் கிளர்ச்சியாளர் ஆகிவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக வேறு வழக்கு சொல்லவில்லை.

வென்றுவிட்டால் என்ன ஆகும்

கிளர்ச்சி வென்றால் கடன், உடன்படிக்கை, கருவூலம், தூதரகம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், சாவி மட்டும் கைமாறும். பிரிந்துபோனவருக்கு வேலை அன்றுதான் தொடங்கும். யார் குடிமக்கள், பழைய கடனில் எவ்வளவு நம் பங்கு, எந்த நாணயம், ஆற்றுநீரில் யாருக்கு எவ்வளவு, மற்ற நாடுகள் ஏற்குமா?

தெற்கு சூடான் 2011 ஜனவரி வாக்கெடுப்பில் 98.83 சதவீத ஆதரவோடு பிரிந்தது. ஜூலை 9 அன்று விடுதலை, 14 அன்று ஐ.நா.வின் 193-ஆவது உறுப்பினர். எண்ணெய்க் கிணறுகளில் பெரும்பகுதி தெற்கில் கிடைத்தது, கடலுக்குப் போகும் குழாய் வடக்கு வழியாகத்தான் போகிறது. குழாய் வாடகைத் தகராறில் 2012 ஜனவரியில் தெற்கு சூடான் தன் எண்ணெய் உற்பத்தியையே நிறுத்தியது. பிறந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

ஒரே நாட்டுக்குள் எல்லை மாறினாலும் இந்தத் தொல்லை விடாது. 1956-இல் விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தது, நெய்யாறு அணை அந்தப் பக்கம் நின்றது. இடதுகரைக் கால்வாயில் 2004 முதல் தண்ணீர் வருவதில்லை. விளவங்கோடு வட்டத்தில் பாசனம் இழந்தது 9,200 ஏக்கர். 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு மாநிலங்கள் மோதும்போது 131-ஆம் உறுப்பின்படி விசாரிக்க ஒரு நீதிமன்றமாவது மேலே இருக்கிறது. அதே கால்வாயின் நடுவே ஒரு நாட்டு எல்லை ஓடியிருந்தால் அந்த மனுவை எங்கே தாக்கல் செய்வது என்பதே முதல் தகராறாக இருந்திருக்கும்.